நான்காவது நகம்

மகள் தண்ணீர் டம்ளரை நீட்டியபோது லென்ஸ்காரர் டம்ளரைப் பார்க்கவில்லை. அவள் விரலைப் பார்த்தார்.

மோதிரத்தில் நகம் மாறியிருந்தது.

நகம் என்றால் விரல் நகம் இல்லை. மோதிரத்தின் தலையில் கல்லைக் கவ்விக்கொண்டிருக்கிற தங்க முளைகளை அவர்கள் பட்டறையில் அப்படித்தான் சொல்வார்கள். மகள் கல்யாணத்துக்கு அவர் கல் கட்டிக் கொடுத்த அந்த மோதிரத்துக்கு நாலு நகம். நாலையும் அவரே வளைத்து, கல்லின் மேல் படிய வைத்து, நுனியைக் கிளி மூக்குப் போலக் கூராக அரம் போட்டு இறக்கியிருந்தார். முப்பது வருஷமாக அவர் கட்டுகிற கல்லுக்கெல்லாம் அந்த மூக்குத்தான். ஊர்க் கூட்டத்தில் நூறு மோதிரத்தைக் கொட்டி வைத்தாலும் தன்னுடையதைப் பொறுக்கி எடுத்துவிடுவார். இப்போது அந்த மூக்குகளைக் காணோம். நாலு மூலையிலும் நாலு கடுகு உட்கார்ந்திருந்தது. உருண்டையாக, தாழ்வாக, வழவழவென்று.

"தண்ணியக் குடிங்கப்பா. டம்ளருக்குள்ள என்ன சினிமாவா ஓடுது?" என்றாள் மகள்.

"குடிக்கிறேன், குடிக்கிறேன்."

குடித்தார். கண் மட்டும் விரலை விட்டு நகரவில்லை.

கல் பதிக்கிற வேலையில் ஒரு கண்ணில் எப்போதும் லென்ஸை இடுக்கிக்கொண்டே இருந்ததால் அவருக்கு அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் உயிரோடு இருந்தது. லென்ஸைக் கழற்றினாலும் அந்தக் கண் சுருங்கியேதான் இருக்கும். எதிரே நிற்பவர்களுக்கு, நம்மை எடை போடுகிறார் என்று தோன்றும். பாதி நேரம் அது உண்மையும்கூட. தினமும் காலையில் கல்லை எண்ணி வாங்கி, சாயங்காலம் எண்ணிக் கொடுத்து, வாசலில் சட்டைப் பையை உதறிக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற பிழைப்பு. சந்தேகத்திலேயே சம்பளம் வாங்கினவருக்கு அது வீட்டுக்கும் கூடவே வந்துவிடும்தானே.

கூடத்தில் மாப்பிள்ளை காலை நீட்டி உட்கார்ந்து, மாமியாரிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறார். நல்ல மனுஷன் என்று ஊரே சொல்லும். லென்ஸ்காரருக்கு மட்டும் ஒரு நெருடல். கல்யாணம் பேசி முடித்த அன்று மோதிரத்தைக் கையில் வாங்கிப் பார்த்தவர், "மாமா, இந்தக் கல்லு எவ்வளவு போகும்?" என்று கேட்டார். வெகுளியாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி லென்ஸ்காரரின் செருப்புக்குள் விழுந்த பொடிக்கல் மாதிரி நாலு வருஷமாக உறுத்திக்கொண்டிருந்தது. கல்லைக் கொடுத்தால் அழகைப் பார்க்கணும். விலையை எவன் கேட்பான்? விற்கிறவன் கேட்பான். அதற்கப்புறம் மகள் எப்போது வந்தாலும் அவர் முதலில் பார்ப்பது விரலைத்தான். ஒரு தரம் அவள் குளித்துவிட்டு மோதிரத்தைப் போட மறந்து வந்துவிட்டாள். "எங்கே, எங்கே?" என்று அவர் போட்ட கூச்சலில் மாப்பிள்ளை திரும்ப வீட்டுக்குப் போய் எடுத்து வந்தார்.

"மோதிரம் அழுக்கா இருக்கும்மா. குடு, கழுவித் தர்றேன்" என்றார் இப்போது.

நகத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. திருடனைப் பிடிக்கப் போகிறவன் கொட்டு அடித்துக்கொண்டா போவான்?

ஜன்னலோரம் போய் லென்ஸைக் கண்ணில் செருகினார். அந்த வைரக் கல்லுக்கு ஒரு ரகசியம் உண்டு. விளிம்பில் மயிலிறகின் ஒரு இழை மாதிரி உள்ளே ஒரு கீறல். அந்தக் குறை இருந்ததால்தான் அவர் மாதிரி ஆளுக்கு அது கட்டுப்படியாயிற்று. கல் பதிக்கிறவன் கெட்டிக்காரனாக இருந்தால் இப்படிக் குறை இருக்கிற பக்கத்தை ஒரு நகத்துக்கு அடியில் தள்ளிவிடுவான். மேலே பார்க்கிறவர்களுக்குக் கல் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும். அவரும் அதைத்தான் செய்தார். எந்த நகம் என்று மறக்காமலிருக்க, வளையத்தின் உள்பக்கம் அதற்கு நேர் கீழே ஒரு புள்ளி குத்தி வைத்திருந்தார். பெண்டாட்டிக்குக்கூடச் சொன்னதில்லை.

புள்ளியைப் பிடித்து, கல்லைச் சாய்த்து, நகத்துக்கு அடியில் பக்கவாட்டில் பார்த்தார். இறகு இல்லை. எச்சில் தொட்டுத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அந்த இடம் சுத்தமாக இருந்தது.

"அப்பா! கழுவுறீங்களா, கல்லையே தேச்சுக் கரைக்கிறீங்களா?"

அவர் அவசரமாகத் துணியால் துடைத்துக் கொடுத்தார். பிறகு கூடத்துக்கு வந்து, மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து, வெயிலைப் பற்றி விசாரிக்கிற குரலில் கேட்டார்.

"மாப்பிள்ளை, அந்த மோதிரத்தை வெளியில யார்கிட்டயாவது குடுத்தீங்களா?"

மாப்பிள்ளை மகளைப் பார்த்தார். மகள் ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தாள்.

"இல்லையே மாமா" என்றார் மாப்பிள்ளை.

போதாதா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள். அன்று ராத்திரி அவர் மனைவி கேட்டாள்: "ஏங்க, மாப்பிள்ளையை அப்படி முறைச்சீங்க? அவர் சாப்பிட்ட தட்டை எண்ணிக்கிட்டிருந்தீங்களா?"

"நீ தூங்கு. உனக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியாமத்தான் இத்தனை வருஷம் நிம்மதியா இருக்கேன்" என்று சொல்லி அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை பட்டறையில் அவருக்கு வேலை ஓடவில்லை. பக்கத்து மேசையில் ஆசாரி குண்டூசி. ஆள் அத்தனை ஒல்லி. வாய் மட்டும் அத்தனை பருமன். மோதிர வளையங்களை ஊதி ஒட்டிக்கொண்டே இவரை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"என்னய்யா லென்ஸு, காலையிலேர்ந்து ஒரே கல்லை வச்சுக்கிட்டு அடை காக்கிறே? குஞ்சு பொரிக்குமா?"

லென்ஸ்காரர் குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னார். குண்டூசி ஊதுகுழலை வைத்துவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்து மூக்கைச் சொறிந்தார்.

"அப்போ உன் கல்லுல குறை இருந்துச்சு."

"ஆமா."

"இப்ப இருக்கிற கல்லுல குறை இல்லை."

"ஆமாய்யா, அதைத்தானே சொல்றேன்."

"குறையுள்ள கல்லை எடுத்துக்கிட்டு, குறையில்லாத கல்லை வச்சிட்டுப் போற திருடனை எனக்கும் ஒரு தரம் காட்டு. என் வீட்டுச் சாவியைக் குடுத்து அனுப்புறேன்."

"சிரிக்காதே. மெஷின்ல விளையிற கல்லு வருதே இப்போ, அது என்ன விலை? வெறும் லென்ஸுல பாத்தா உனக்கே தெரியாது. அசலை எடுத்துட்டு அதை வச்சிருக்கலாம்ல?"

குண்டூசி மறுபடி மூக்கைச் சொறிந்தார். அதுவே லென்ஸ்காரருக்குப் போதுமான சாட்சியாகிவிட்டது.

"ஒத்தைக் கண்ணால பாத்துத் தீர்ப்புச் சொல்லாதே. பிரிச்சுப் பாரு" என்றார் குண்டூசி. "அன்னிக்கே சொன்னேன், வேலைக்குப் போற பொண்ணு, சுத்திலும் தங்கத்தைச் சுவர் மாதிரி எழுப்பி விளிம்பை மடிச்சுக் கட்டுன்னு. எவன் தொட்டிருந்தாலும் சுவர்ல காயம் தெரிஞ்சிருக்கும். கேட்டியா?"

"சுவருக்குள்ள கட்டினா கல்லு கிணத்துல விழுந்த மாதிரி. நாலு நகத்துல நிறுத்தினாத்தான் அடியிலயும் வெளிச்சம் போகும். கல்லு மூச்சு விடும்."

"மூச்சு விட்டுச்சு, ஓடிப்போச்சு" என்று குண்டூசி ஊதுகுழலை எடுத்துக்கொண்டார்.

சாப்பாட்டு நேரத்தில் மகளுக்குப் போன் போட்டார். அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வருகிறவர்களுக்கு ஊசி போட்டு ரத்தம் எடுக்கிற வேலையில் இருந்தாள்.

"அம்மா, நேத்து பாத்தேன். ஒரு நகம் ஆடுற மாதிரி இருந்துச்சு. மோதிரத்தைக் குடுத்தனுப்பு, இறுக்கித் தர்றேன்."



"ஆடலையேப்பா. நல்லாத்தான் இருக்கு. விடுங்க."

"அப்பா சொல்றேன்ல?"

"அப்பா, ஆள் நிக்குறாங்க. அப்புறம் பேசுறேன்."

வைத்துவிட்டாள். அவருடைய மகள் அவரிடம் எதையும் மறைத்தவள் இல்லை. அவள் மறைக்கிறாள் என்றால் மறைக்க வைக்கிற ஆள் ஒருத்தர் வேண்டும். அது யார் என்று அவருக்குத் தெரியும். மிரட்டியிருப்பாரோ? அழ வைத்திருப்பாரோ? சிரித்த முகத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யார் கண்டது? நினைக்க நினைக்கச் சோறு கசந்தது. டப்பாவை மூடினார். தலைவலி என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, சட்டைப் பையை உதறிக் காட்டிவிட்டுக் கிளம்பினார்.

மாப்பிள்ளை கடையில் ஒரு ஃப்ரிட்ஜைக் குப்புறப் படுக்கப் போட்டு, அதன் முதுகுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தார். மாமனாரைப் பார்த்ததும் எழுந்து, கையைத் துடைத்து, நாற்காலியைத் துடைத்தார்.

"வாங்க மாமா. இந்த நேரத்துல? அத்தைக்கு ஒண்ணுமில்லையே?"

"உக்கார வரலை." லென்ஸ்காரரின் சுருங்கிய கண் இன்னும் சுருங்கியது. "கல்லை என்ன பண்ணினீங்க?"

"எந்தக் கல்லை?"

"நான் கட்டின நகம் எனக்குத் தெரியாதா மாப்பிள்ளை? யாரோ பிரிச்சிருக்காங்க. உள்ள இருக்கிறது என் கல்லு இல்லை. என் பொண்ணு வாயைத் திறக்க மாட்டேங்கிறா. நீங்க சொல்லுங்க. வித்தீங்களா? யார்கிட்ட?"

மாப்பிள்ளையின் காது மடல் சிவந்தது. கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். கோபப்பட்டுக் கத்தியிருந்தால் லென்ஸ்காரருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை.

"நாளைக்கு மத்தியானம் மோதிரத்தைக் கொண்டுவர்றேன் மாமா. என் முன்னாலேயே பிரிச்சுப் பாருங்க. ஆனா ஒண்ணு. நீங்க இப்படிக் கேட்டது அவளுக்குத் தெரிய வேண்டாம்."

'பார்த்தாயா!' என்றது லென்ஸ்காரரின் மனசு. 'தெரிய வேண்டாமாம்!' ராத்திரியோடு ராத்திரியாக இன்னொரு கல்லைத் தேடிப் பிடித்து வைத்துவிட்டால்? வீடு திரும்புகிற வழியெல்லாம், அன்றைக்குக் கையில் கிடைத்த மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டு நடந்தார்.

மறுநாள் சொன்ன நேரத்துக்கு மாப்பிள்ளை வந்தார். பட்டறையில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். குண்டூசி மட்டும் போகவில்லை. சாப்பிட்டுவிட்டேன் என்றார். அது பொய். வேடிக்கை பார்க்கப் பசி தாங்குகிற ஆள்.

மாப்பிள்ளை சட்டைப் பைக்குள்ளிருந்து மோதிரத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "நகம் இறுக்கணும்னு நீங்க கேட்டதா சொல்லி வாங்கிட்டு வந்தேன்."

லென்ஸ்காரர் மோதிரத்தை மரக் கவ்வியில் இறுக்கினார். லென்ஸைச் செருகினார். நகத்தைத் தள்ளுகிற மெல்லிய இரும்பைப் புள்ளிக்கு நேரே இருந்த நகத்தின் அடியில் கொடுத்து, மூச்சைப் பிடித்து நெம்பினார். நகம் மெதுவாக எழுந்தது. அடியில் கல் தெளிவாக இருந்தது. இறகு இல்லை. தலையை நிமிர்த்தி மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை முக்காலியில் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவது நகம். அங்கேயும் இல்லை.

"எதுக்கு வீணா நாலையும் எடுக்கணும்?" என்று லென்ஸ்காரர் இரும்பைக் கீழே வைக்கப் போனார்.

"எடுங்க மாமா" என்றார் மாப்பிள்ளை.

மூன்றாவதை நெம்பியபோது அது டிக் என்று ஒடிந்து மேசைமேல் விழுந்தது. தங்கம் இளகினதுதான், ஆனால் ஒரு தரம் வளைத்துப் பிரித்ததை மறுதரமும் வளைத்தால் அதற்கும் சலித்துவிடும். குண்டூசி எட்டிப் பார்த்து "ச்சு" என்றார். அங்கேயும் கல் சுத்தம்.

நான்காவது நகம் எழுந்தது.

லென்ஸ்காரர் குனிந்தவர் நிமிரவில்லை. கல்லைச் சாமணத்தால் எடுத்தார். வெள்ளைக் காகிதத்தின்மேல் வைத்துத் திருப்பினார். மேலே, கீழே, பக்கவாட்டில். விளிம்பிலிருந்து உள்ளே போகிற அந்த இழை, கடைசியில் இடது பக்கம் கொஞ்சம் வளையும். நாலு வருஷத்துக்கு முன்னால் எத்தனை தடவை பார்த்தது! அதே வளைவு. அவருடைய கல்தான். பிரித்தவன் மறுபடி வைக்கும்போது கல் கால் வட்டம் திரும்பியிருக்கிறது. அவனும் தொழில் தெரிந்தவன். குறையைக் கண்டுபிடித்து, பேசாமல், இவர் செய்த மாதிரியே ஒரு நகத்துக்கு அடியில் தள்ளியிருக்கிறான். தேடுகிற இடத்தில் இல்லையென்றதும் இவர்தான் வேறு இடத்தில் தேடவே இல்லை.

"உன் கல்லா?" என்றார் குண்டூசி.

லென்ஸ்காரர் தலையை அசைத்தார்.

"நான் சாப்பிடப் போறேன்" என்று குண்டூசி எழுந்துகொண்டார். இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் காட்டிய முதல் நாகரிகம் அதுதான்.

"கையுறை கிழியுது மாமா" என்றார் மாப்பிள்ளை, கேட்காமலேயே. "அவ வேலையில கையுறை இல்லாம முடியாது. உங்க நகம் கூரா இருக்கும்ல, ஒரு நாளைக்கு மூணு நாலு கிழிஞ்சுடும். ஒரு தரம் கிழிஞ்சது தெரியாமலே யாரோட ரத்தமோ விரல்ல பட்டுடுச்சு. ஒரு மாசம் நாங்க ரெண்டு பேரும் தூங்கலை. பரிசோதனை எல்லாம் பண்ணி, ஒண்ணுமில்லைன்னு வந்தப்புறம்தான் மூச்சு வந்துச்சு. அப்புறம் அவ வேலை செய்யிற இடத்துக்குப் பக்கத்துல ஒருத்தர்கிட்ட குடுத்து, கல்லைக் கழட்டி நகத்தை மழுங்கடிச்சு வாங்கினா."

லென்ஸ்காரர் ஒடிந்த நகத்தை விரலால் நகர்த்தினார். "கழட்டி வச்சிருக்கலாமே?"

மாப்பிள்ளை அவரைப் பார்த்தார்.

"கழட்டி வச்சிட்டு உங்க வீட்டுக்கு வந்தா, நீங்க என்னைப் பார்ப்பீங்க மாமா. அதுக்குப் பயந்துதான் அவ கழட்டலை. வீட்ல வச்சா மறந்துடுவோம்னு வேலைக்கும் போட்டுட்டே போனா. நகத்தை மாத்தினதைச் சொன்னா உங்க வேலையைக் குறை சொன்ன மாதிரி ஆயிடும்னு அதையும் சொல்லலை. என்னையும் சொல்ல வேண்டாம்னா."

வாசலில் யாரோ சைக்கிளை நிறுத்துகிற சத்தம் கேட்டது. லென்ஸ்காரர் எதையாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார்.

"டீ சாப்பிடுறீங்களா மாப்பிள்ளை?" என்றார்.

டீ வாங்கிக் கொடுத்தார். இருவரும் வாசலில் நின்று குடித்தார்கள். மாப்பிள்ளை காலி டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்: "சாயங்காலம் மோதிரம் எங்கன்னு கேப்பா. கதவுல வச்சு நசுக்கி நான்தான் நகத்தை ஒடைச்சிட்டேன்னு சொல்லிடறேன். நாலு திட்டு திட்டுவா, அவ்வளவுதான். நீங்க பொறுமையா சரி பண்ணிக் குடுங்க."

போய்விட்டார்.

லென்ஸ்காரர் மேசைக்குத் திரும்பினார். ஒடிந்த நகம் ஒரு பக்கம், கல் ஒரு பக்கம், தலையில்லாத மோதிரம் ஒரு பக்கம். எல்லாம் சரியாகத்தான் முடிந்திருந்தது. பேசாமல் இருந்தால் போதும். மாப்பிள்ளை திட்டு வாங்கிக்கொள்வார், மகளுக்கு ஒன்றும் தெரியாது. இன்னும் ரெண்டு நாளில் சுற்றிலும் சுவர் எழுப்பி, வழவழவென்று கட்டிக் கொடுத்தால் மகிழ்ந்துகூடப் போவாள். அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் அரை மணி நேரம் நினைத்தார். ஆனால், தான் திருடன் என்று நினைத்த ஆளே தனக்காகத் திட்டு வாங்கப் போகிறார் என்பது மட்டும் அவரை உட்கார விடவில்லை. கல்லைக் காகிதத்தில் மடித்தார். முதலாளியிடம் மறுபடியும் தலைவலி என்றார். இந்தத் தடவை அது உண்மை.

பரிசோதனை நிலையத்தில் கூட்டம். வரிசையாக நாற்காலிகள். சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு ஆட்கள். அவர் நடுவில் உட்கார்ந்தார். தடுப்புக்குப் பின்னாலிருந்து மகள் "அடுத்தது" என்று கூப்பிட, ஒவ்வொருவராகப் போனார்கள். அவர் முறை வந்தது.

"அப்பா! உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லை." எதிரே உட்கார்ந்து காகிதத்தையும் மோதிரத்தையும் மேசைமேல் வைத்தார். "உன் வீட்டுக்காரர் கதவுல நசுக்கிட்டேன்னு சொல்லுவார். நம்பாதே. நான்தான் பிரிச்சேன். கல்லு மாறிடுச்சுன்னு நினைச்சேன். நேத்து அவர் கடைக்குப் போய், வித்தீங்களான்னு கேட்டேன்."

மகள் கையில் வெள்ளைக் கையுறை. அந்த விரல்கள் காகிதத்தைத் தொடவில்லை.

"கேட்டீங்களா? அவர்கிட்டயா?"

"ஆமா."

"நேத்து ராத்திரி சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தாரேப்பா. ஒரு வார்த்தை சொல்லலை." அவள் அழவில்லை. அதைவிட மோசமாக, அவரை யாரோ மாதிரி பார்த்தாள். "கல்லு அதேதான்னு தெரிஞ்சப்புறம் அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"டீ வாங்கிக் குடுத்தேன்."

"டீ வாங்கிக் குடுத்தீங்க."

"சுத்திலும் சுவர் வச்சுக் கட்டித் தர்றேம்மா. கையுறை கிழியாது."

"எனக்கு மோதிரமே வேண்டாம்ப்பா. இனிமே வெறும் விரலோடதான் வருவேன். வரணுமா வேண்டாமாங்கிறதைக்கூட அவர்தான் சொல்லணும்."

அவள் கையுறையை உரித்துப் போட்டாள். போனை எடுத்து எண்ணை அழுத்தி, அவர் கையில் வைத்தாள். தடுப்புக்கு வெளியே இருந்தவர்கள் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவராகத் தலையை நீட்டினார்கள். மணி மூன்று தடவை அடித்தது. நாலாவது தடவை எடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் ஏதோ மோட்டார் கடகடவென்று இரைந்துகொண்டிருந்தது.

"மாப்பிள்ளை" என்றார் லென்ஸ்காரர், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு. "தப்பு என்மேலதான். மன்னிச்சுக்குங்க."

"யாரு, மாமாவா? இங்க ஒரே சத்தம். ஒண்ணும் கேக்கலை. சத்தமாச் சொல்லுங்க!"

லென்ஸ்காரர் மகளைப் பார்த்தார். அவள் முகம் இளகவில்லை. வெளியே நாற்காலிகளில் ஏழெட்டுப் பேர் காதைத் தீட்டி வைத்திருந்தார்கள். அவர் வாயிலிருந்து கையை எடுத்தார். தொண்டையைச் செருமினார். அந்தக் கூடம் முழுக்கக் கேட்கும்படி மறுபடியும் சொன்னார்.